பூட்டிய வீடும் அயலாரும்

புனே நகரின் நாராயண பேட்டையிலுள்ள கேசரி வாடாவை நம் அன்பர்களிற் பலர் கண்டிருப்பர். லோகமான்ய திலகர் வாழ்ந்த இல்லம் அது. 1908-ஆம் ஆண்டில் இராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பெற்று ஆறாண்டுத் தண்டனை அடைந்த அப்பெரியார், பர்மாவின் மாந்தலே நகரச் சிறைக்கு அனுப்பப்பட்டார். ‘கீதா ரகசியம்’ என்னும் பெருநூலை அவர் எழுதியது அச்சிறையிலேதான். அதற்கு முன்னரே, 1885-இல் அரசிழந்த பர்மிய மன்னர் திபோ, முதலில் சென்னைக்கும் மறு ஆண்டில் இம்மாநிலத்து இரத்தினகிரிக்கும் கொண்டுவரப்பெற்று, 1916-இல் அங்கேயே காலமானார். ஆகவே, 1989 முதல் மியன்மார் என்று பெயர் வழங்கும் அந்த நாடு, மகாராஷ்டிரத்தில் குடியேறி வாழும் நமக்கு அந்நியமானதன்று.

தமிழருக்கு அந்நாட்டோடுள்ள உறவு இதனினும் நெருங்கியது. செட்டிநாட்டாரின் வட்டிக்கடைகளும், ஐராவதிக் கழிமுகத்து நெல் வயல்களில் உழைத்த குடும்பங்களும், இரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும் ஒரு காலத்தில் அங்கே நிறைந்திருந்தனர். 1962 மார்ச் 2-ஆம் தேதி தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. ஐம்பது, நூறு கியாத்து நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. வாழ்நாளெல்லாம் ஈட்டியதை விட்டுவிட்டு இலட்சக்கணக்கான இந்தியர்கள் தாயகம் திரும்பினர். சென்னையின் பர்மா பஜாரும், மணிப்பூர் எல்லையிலுள்ள மோரே என்னும் ஊரில் தமிழர் எழுப்பிய அங்காள பரமேசுவரி கோயிலும் அந்தத் துயரத்தின் சுவடுகள். பர்மாவோ கதவைச் சாத்திக்கொண்டு உலகத்தினின்றும் ஒதுங்கி நின்றது.

தன் குடிகளை ஒடுக்கி, உலகத்தோடு பேசவும் மறுக்கும் ஓர் அரசை அயலார் எவ்வாறு அணுகுவது? இக்கேள்விக்கு உலகம் இருவகை விடை கூறிற்று. 1990-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆங் சான் சூகியின் கட்சி பெருவெற்றி பெற்றும் படைத்தலைவர்கள் ஆட்சியை விடவில்லை. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் பொருளாதாரத் தடை விதித்து ஒதுக்கின. தென்கிழக்காசிய நாடுகளின் சங்கமாகிய ஆசியான், உறவாடித் திருத்துவோம் என்று கூறி, 1997-இல் அந்நாட்டைத் தன் உறுப்பினராகவே சேர்த்துக்கொண்டது.

இரண்டு வழிகளும் படையாட்சியை அசைக்கவில்லை. காரணம் வெளிப்படை. ஒரு சாரார் வாணிபத்தை நிறுத்தியபோது தாய்லாந்து எரிவாயு வாங்கிற்று. சீனா ஆயுதம் விற்றது. 1988-இல் சனநாயகம் வேண்டி எழுந்த மாணவர்பால் பரிவு காட்டிய நம் இந்தியாவும், சில ஆண்டுகளில் படைத்தலைவர்களோடு கைகுலுக்கத் தொடங்கியது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது நம் முன்னோர் வாக்கன்றோ?

அயலார் ஒருமுறை ஒன்றுபட்டு நின்றதும் உண்டு. அதன் பயனையும் உலகம் கண்டது. 2008 மே மாதம் 2, 3 தேதிகளில் நர்கீஸ் புயல் ஐராவதிக் கழிமுகத்தை அழித்தது. மாண்டோரும் காணாமற்போனோருமாகச் சுமார் 1,38,000 பேர். அமெரிக்க, பிரெஞ்சுக் கப்பல்கள் உதவிப் பொருள்களுடன் கடலிற் காத்திருந்தும் கரைசேர அனுமதி கிட்டவில்லை. அந்நிலையில் மே 19-ஆம் தேதி சிங்கப்பூரில் கூடிய ஆசியான் அயல்நாட்டு மந்திரிகள், உதவி எங்கள் வழியே வரட்டும் என்று படையாட்சியை இணங்கச் செய்தனர். ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளர் பான் கி மூன் தாமே சென்று தளபதி தான் சுவேயைக் கண்டு பேசினார். ஆசியான், ஐக்கிய நாடுகள் சபை, பர்மிய அரசு ஆகிய மூவரும் அமர்ந்த ஒரு குழு ஏற்பட்டது. வெளிநாட்டு உதவியாளர்கள் கழிமுகக் கிராமங்களை அடைந்தனர். சேதமும் சேர்ந்தே கணக்கிடப்பட்டது. அக்குழு 2010 வரை பணியாற்றியது.

இதனால் படையாட்சி மனம் மாறிவிட்டது என்று எண்ணுதல் பேதைமை. புயல் வீசிய அதே மாதத்தில், தன் அதிகாரத்தை நிலைநிறுத்தும் அரசியற் சட்டத்திற்கு அது வாக்கெடுப்பும் நடத்தியது. ஆயினும் பசித்தவனுக்கு அரிசி சென்றது. கேட்டது ஒன்றே; கேட்டவர் எல்லோரும் அதனையே கேட்டனர்; வேறு வாசல் ஒன்றும் திறந்திருக்கவில்லை. இம்மூன்றும் ஒருங்கே அமைந்தமையாலேயே பூட்டு சிறிது நெகிழ்ந்தது.

2021 பிப்ரவரி 1-ஆம் தேதி தளபதி மின் ஆங் லைங் மீண்டும் ஆட்சியைப் பறித்தபின் நடந்ததைப் பாருங்கள். ஏப்ரல் 24-ஆம் தேதி ஜகார்த்தாவில் கூடிய ஆசியான் தலைவர்கள் ஐந்து அம்ச உடன்பாடு கண்டனர்: வன்முறை நிற்க வேண்டும், எல்லாத் தரப்பாரும் பேச வேண்டும், தூதர் ஒருவர் நடுநின்று உதவ வேண்டும், நிவாரணம் செல்ல வேண்டும், தூதர் அங்கே சென்று அனைவரையும் சந்திக்க வேண்டும். அத்தளபதியும் அக்கூட்டத்தில் இருந்தார். ஊர் திரும்பியதும், நிலைமை சீரான பின் யோசிப்போம் என்று அவரது அரசு கைவிரித்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஆசியான் அவரை உச்சி மகாநாட்டிற்கு அழைக்க மறுத்தது. அஃதொரு துணிவான செயலே.

ஆயின் ஒற்றுமை நிலைக்கவில்லை. 2022 ஜனவரியில் கம்போடியப் பிரதமர் ஹூன் சென் தாமே அங்கு சென்று தளபதியைச் சந்தித்தார். ஜூலையில் சனநாயகப் போராளிகள் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். 2023 ஜூனில் தாய்லாந்து படையாட்சியின் மந்திரியைத் தனியே ஒரு கூட்டத்திற்கு அழைத்தது. இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மந்திரிகள் அதற்குச் செல்லவில்லை. சங்கத்தின் தலைமை ஆண்டுதோறும் மாறுவதால் தூதரும் மாறினார். 2021 முதல் 2025 வரை புருனே, கம்போடியா, இந்தோனேசியா, லாவோஸ், மலேசியா என ஐந்து நாடுகள் அப்பொறுப்பை ஏற்றன. இவர் போனால் அடுத்தவர் வருவார் என்று காத்திருத்தல் பிடிவாதக்காரனுக்கு எவ்வளவு எளிது!

நம் நாட்டின் நிலையையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் பாதுகாப்புச் சபை, வன்முறையை நிறுத்துமாறும் கைதிகளை விடுவிக்குமாறும் பன்னிரண்டு வாக்குகளால் தீர்மானம் நிறைவேற்றியபோது, சீனா, ரஷ்யாவுடன் இந்தியாவும் வாக்களியாது ஒதுங்கியது. நமக்குக் காரணங்கள் உண்டு. எல்லை 1,643 கிலோமீட்டர் நீளமுடையது. வடகிழக்கின் கலகக்காரர்கள் அப்பால் ஒளிகின்றனர். நாம் விலகினால் அவ்விடத்தில் சீனா அமரும் என்ற அச்சமும் பொய்யன்று. அடைக்கலம் தேடி மிசோரத்திற்கு வந்தோரும் பல்லாயிரவர். பேசாதிருக்க நம்மால் இயலாது. ஆனால் ஒவ்வோர் அயல்நாடும் இத்தகைய காரணம் ஒன்றைக் கையில் வைத்திருக்கின்றது. அவை யாவும் கூடியே அந்தத் தளபதிகளுக்கு அரணாகின்றன.

2025 மார்ச் 28-ஆம் தேதி மாந்தலே அருகே 7.7 அளவிலான பூகம்பம் நிகழ்ந்து மூவாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்திய இராணுவம் அங்கே கள மருத்துவமனை அமைத்தது. நாம் பெருமை கொள்ளத்தக்க செயல் இது. அதே நாட்களில் படையாட்சியின் விமானங்கள் வேறு ஊர்களில் குண்டு வீசிக்கொண்டிருந்தன. மருந்து கொடுக்கும் கைக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. ஆசியானும் இந்தியாவும் கூடி, எல்லாப் பகுதி மக்களுக்கும் தடையின்றி நிவாரணம் செல்ல வேண்டும் என்ற ஒன்றையேனும் ஒரே குரலில், ஆண்டுதோறும் மாறாத ஒரு தூதர் வாயிலாகக் கேட்கலாம். அது நிறைவேறும்வரை தனித்தனியே பேரம் பேசுவதில்லை என்று தமக்குள் உறுதி கொள்ளலாம். மற்றவற்றைப் படிப்படியாகப் பேசிக்கொள்ளலாம்.

இவ்வளவு தொலைவிலுள்ள விவகாரம் நமக்கெதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். யாங்கோனிலும் மோல்மேனிலும் தமிழர் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. 1964-இல் கடையைப் பூட்டி, சாவியை வைத்துவிட்டுக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மிடையேயும் இருக்கலாம். பிழைப்பு நாடி வேற்றூரில் குடியேறிய எவருக்கும், அயல்வீட்டில் அழுகுரல் கேட்டால் எல்லோருமாகச் சென்று கதவைத் தட்ட வேண்டும் என்பது சொல்லித் தெரியவேண்டிய நீதியன்று.