பன்னிரண்டு பொத்தான்களும் ஒரு கட்டைவிரலும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குமாரபாளையத்தில் என் வீட்டில் நண்பர்கள் ஐந்தாறு பேர் கூடியிருந்தோம். நாவல்களைப் பற்றிப் பேச வந்தவர்கள்தாம். பேச்சு எங்கெங்கோ சுற்றி, என் மேசைமேல் கிடந்த சுட்டெலியில் வந்து நின்றது. அதன் இடப்பக்கத்தில், கட்டைவிரல் படியும் இடத்தில், பன்னிரண்டு சிறு பொத்தான்கள் மூன்று மூன்றாக அடுக்கப்பட்டிருக்கும். நான் பெரிதும் மதிக்கும் மூத்த வாசகர் ஒருவர் அதைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எலிக்கு ரெண்டு காது பத்தாதா தம்பி? விரலை நகர்த்தச் சோம்பல்பட்டவன் எவனோ கண்டுபுடிச்சிருக்கான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். கல்லூரியில் படிக்கும் இளைஞர் மட்டும் சிரிக்கவில்லை. "சோம்பல்கூட இல்லைங்க, இது ஏமாத்து. வெறும் விசைப்பலகை வெச்சு ஆடறவங்ககூட இதை வெச்சு ஆடறது அழுகுணி ஆட்டம்" என்றார். மூன்றாமவர் வழக்கை முடித்துவைத்தார்: "எப்படியோ போகட்டும். இலக்கியம் படிக்கிற ஆளுக்கு நடுராத்திரியில இந்தச் சூதாட்டம் எதுக்குங்க?"

சோம்பல், ஏமாற்று, சூது. குற்றச்சாட்டுகள் மூன்று. வீட்டுக்கு வந்தவர்களிடம் வாதாடுவது முறையன்று என்று அன்று வாய்மூடி இருந்துவிட்டேன். இங்கே அந்தக் கட்டுப்பாடு இல்லை.

முதலில் அந்தப் பொத்தான்கள் ஏன் பன்னிரண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். பல்லாயிரம் பேர் ஒரே கற்பனை உலகில் இணையம் வழியே ஒருங்கே ஆடும் பாத்திர விளையாட்டுகள் 1990களின் இறுதியில் பரவின. 1997ல் அல்டிமா ஆன்லைன், 1999ல் எவர்குவெஸ்ட், 2004 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். இந்த மூன்றாவது ஆட்டத்தின் திரையில் கீழே ஒரு பட்டை இருக்கும். அதில் பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வித்தை, மந்திரம், மருந்து என்று ஏதேனும் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். விசைப்பலகையின் மேல்வரிசையில் ஒன்று முதல் பூஜ்யம் வரை பத்து எண்கள், அவற்றையடுத்துக் கழித்தல் குறியும் சமக்குறியும். ஆகப் பன்னிரண்டு விசைகள் அந்தக் கட்டங்களை இயக்கும்.

சிக்கல் என்னவென்றால், ஆடுபவரின் இடக்கை ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. டபிள்யூ, ஏ, எஸ், டி என்னும் நான்கு விசைகளால் அது பாத்திரத்தை நடத்திக்கொண்டிருக்கிறது. ஐந்து வரை எட்டிவிடலாம். ஒன்பதை அழுத்தவேண்டுமென்றால் கை இடம்பெயர வேண்டும். கை பெயர்ந்தால் பாத்திரம் நின்றுவிடும். காலடியில் நெருப்பு எரியும்போது நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த இக்கட்டுக்கு விடையாகத்தான் 2009ல் ரேசர் நிறுவனம் 'நாகா' என்ற சுட்டெலியை வெளியிட்டது. தன் சுட்டெலிகளுக்குப் பாம்புகளின் பெயர் வைப்பது அந்நிறுவனத்தின் வழக்கம். எலிக்குப் பாம்பின் பெயர் வைத்த குறும்பை நாம் ரசிக்கலாம். மேல்வரிசையின் பன்னிரண்டு விசைகளும் அப்படியே கட்டைவிரலின் கீழே இறங்கின. 2012ல் லாஜிடெக் நிறுவனத்தின் ஜி600 வந்தது. அதில் மோதிரவிரலுக்கும் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திப் பிடித்தால் கட்டைவிரலின் பன்னிரண்டு பொத்தான்களும் வேறு பன்னிரண்டாக மாறும்.

இனி, சோம்பல் என்ற குற்றச்சாட்டு.

நான் ஆடுவது குணமளிப்பவர் வேடம். ஐவர் கொண்ட குழுவில் ஒருவர் அடி தாங்குவார், மூவர் தாக்குவார்கள், ஒருவர் எல்லோர் உயிரையும் காப்பார். அந்தக் கடைசி ஆள் நான். திரையோரத்தில் ஐந்து பெயர்களும் அவரவர் உயிர்நிலையும் தெரியும். யாருக்கு மருந்து வேண்டுமோ அவர் பெயர்மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்து, எந்த மருந்தோ அதற்குரிய பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்துவேன். யாருக்கு என்பதை மணிக்கட்டும் எது என்பதைக் கட்டைவிரலும் ஒரே கணத்தில் முடிவுசெய்கின்றன. அதே வேளையில் இடக்கை என்னை நடத்திச் செல்கிறது. ஒரு செயலுக்கும் அடுத்ததற்கும் இடையே பொதுவாக ஒன்றரை நொடிதான் இடைவெளி. சில பாத்திரங்களுக்கு இன்னும் குறைவு. இந்தப் பழக்கம் விரலில் படிய எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. முதல் மாதம் ஏழை அழுத்த நினைத்து எட்டை அழுத்தி, என்னை நம்பியிருந்த நால்வரைப் பலமுறை சாகடித்திருக்கிறேன். சோம்பேறி இந்த வழிக்கு வரமாட்டான். அவனுக்கென்று சுட்டியால் கட்டங்களைத் தேடித்தேடிச் சொடுக்கும் எளிய வழி எப்போதும் திறந்தே இருக்கிறது.

என்னைச் சோம்பேறி என்ற மூத்த நண்பர் அந்தக் காலத்தில் தட்டச்சில் ஹையர் தேறியவர். விசைகளைப் பாராமல் அடிப்பதை அவர் இன்றும் பெருமையோடு சொல்வார். பத்து விரலும் பாராமல் அறிந்தால் அது கல்வி, ஒரு கட்டைவிரல் பாராமல் அறிந்தால் அது சோம்பலா? வீணையில் இருபத்து நான்கு மெட்டுகள் இருக்கின்றன. அதைச் சோம்பேறிகளின் வாத்தியம் என்று யாரேனும் சொன்னதுண்டா? நாகஸ்வரத்தில் துளைகள் குறைவுதானே என்று நண்பர் திருப்பிக் கேட்கலாம். அங்கே மூச்சு இருக்கிறது, உதடு இருக்கிறது. ஒரே துளையிலிருந்து பல சுரங்களை அவை வாங்கிவிடும். பொத்தானுக்கு மூச்சு இல்லை. அழுந்தியது, அழுந்தவில்லை என்ற இரண்டு சொற்களே அதற்குத் தெரியும். ஆகவே சொற்களைக் கூட்டித்தான் ஆகவேண்டும்.

இந்த வழக்கு சுட்டெலியோடு பிறந்தது. 1964ல் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் எண்ணத்தைக் கொண்டு பில் இங்கிலிஷ் செய்த முதல் மரச் சுட்டெலிக்கு ஒரே பொத்தான்தான். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் உலகுக்குச் செய்துகாட்டியபோது வலக்கையில் மூன்று பொத்தான் சுட்டெலியும், இடக்கையில் ஐந்து விசைகளைச் சேர்த்துச் சேர்த்து அழுத்தும் வேறொரு கருவியும் இருந்தன. கருவியை மனிதன் முயன்று கற்கவேண்டும், கற்றபின் அவன் ஆற்றல் பெருகும் என்பது அவர் கட்சி. 1983ல் லிசா கணிப்பொறியோடு ஒற்றைப் பொத்தான் சுட்டெலியை ஆப்பிள் நிறுவனம் தந்தது. யாரும் கற்கவே வேண்டாம் என்பது அதன் கட்சி. சந்தையில் இரண்டாவது கட்சியே வென்றது. அதனால் பலர் பயனடைந்தார்கள் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் கற்கவேண்டிய கருவியைச் சோம்பலின் சின்னம் என்று ஏசுவது தலைகீழ்த் தீர்ப்பு.

இரண்டாவது குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. அதில் பாதி உண்மை இருக்கிறது என்பதாலேயே அதற்கு விரிவாக மறுமொழி சொல்லவேண்டும்.

இத்தகைய சுட்டெலிகளோடு ஒரு மென்பொருளும் வரும். ஒரு பொத்தானை ஒருமுறை அழுத்தினால் நான்கு விசைகள் இன்னின்ன இடைவெளியில் தாமாக அழுந்தும்படி அதில் எழுதிவைக்கலாம். இதற்கு மேக்ரோ என்று பெயர். குமாரபாளையத்துக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜக்கார்டு பெட்டியில் ஏறும் அட்டைதான் அது. எந்த இழை எழவேண்டும், எது அமிழவேண்டும் என்று துளைகளில் எழுதிவைத்துவிட்டால் தறி தானே பூ நெய்யும். 1804ல் லியோன் நகரத்து ஜக்கார்டு செய்த வேலை அது. தொழிலில் அது பெரும் பேறு. விளையாட்டில் என்ன?

என் குற்றத்தை நானே சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்தில், நான் அப்படியொரு அட்டை எழுதினேன். நான்கு செயல்கள் ஒரே பொத்தானில் அடங்கின. முதல் இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தது. இரண்டாம் வாரத்தில் என் கை வெறுமனே கிடந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டு, ஏதேனும் தவறு நேர்கிறதா என்று காத்திருந்தேன். என் அப்பா முப்பது ஆண்டுகள் விசைத்தறியில் இருந்தவர். நான்கு தறிகளுக்கு நடுவே நின்றுகொண்டு எங்கே இழை அறுகிறது என்று கண்ணோட்டம் விடுவது அவர் வேலை. அறுந்தால் ஓடிப்போய்ப் பிணைப்பார். அவருக்கு அதற்குக் கூலி கொடுத்தார்கள். நான் எதற்காக அந்தக் காவலை இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. அன்றே அதை அழித்துவிட்டேன்.

ஆகவே கோடு எங்கே என்பது எனக்குத் தெளிவு. ஓர் அழுத்தத்துக்கு ஒரு செயல். பொத்தான்கள் பன்னிரண்டோ இருபதோ, ஒவ்வொன்றையும் உரிய கணத்தில் விரல் தேர்ந்து அழுத்தினால் அது ஆட்டம். ஓர் அழுத்தம் பல செயல்களைப் பெற்றால் ஆடுவது அட்டை. இது என் சொந்தச் சட்டமும் அன்று. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் உள்ளே எழுதும் மேக்ரோ, அந்த ஒன்றரை நொடி இடைவெளிக்குட்பட்ட வித்தைகளில் ஓர் அழுத்தத்துக்கு ஒன்றைத்தான் நிகழ்த்தும். 2020 நவம்பரில், ஒரே விசையழுத்தத்தைப் பல பாத்திரங்களுக்கு ஒருங்கே அனுப்பும் மென்பொருள்களை அந்நிறுவனம் விலக்கியது. இளைஞர் நண்பரே, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது அட்டைமேல் பாயவேண்டியது, பொத்தான்மேல் பாய்கிறது.

வேடிக்கை என்னவென்றால், கோட்டை வரைந்தவர்களே அதற்கு அப்பால் ஒரு திண்ணை கட்டிவிட்டார்கள். 2025 ஜூனில் அதே ஆட்டத்தில் ஒற்றைப் பொத்தான் உதவி ஒன்றைச் சேர்த்தார்கள். அதைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் போதும், அடுத்து எந்த வித்தை என்பதை ஆட்டமே தேர்ந்துகொள்ளும். இந்த வசதிக்குத் தண்டமாக ஒவ்வொரு செயலும் சற்றுத் தாமதமாகும். கைகால் குறைபாடு உள்ளவர்களுக்கும் புதிதாக வருபவர்களுக்கும் இது பெரிய உதவி. அதை மனமார வரவேற்கிறேன். பன்னிரண்டு பொத்தான் கொண்ட கருவியும் ஒரு கையால் மட்டுமே ஆடக்கூடியவர்களுக்கு வழி திறந்திருக்கிறது. 2020ல் இடக்கையாளர்களுக்கென்றே நாகா வெளிவந்தது. ஆனால் இரு கையும் நலமாயிருப்பவர்கள் அந்த ஒற்றைப் பொத்தானுக்குப் போய்விட்டு, பன்னிரண்டை விரலால் கற்றவனைப் பார்த்து ஏமாற்றுக்காரன் என்பார்களானால், அவர்களோடு எனக்கு வழக்குண்டு.

எதிர்த்தரப்பின் ஒரு வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். கட்டைவிரல் பிடிப்பதற்கென்று அமைந்தது. பன்னிரண்டு பொத்தான்களை மணிக்கணக்கில் அழுத்த அமைந்ததன்று. கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டோரம் வலி எழுந்து சில வாரங்கள் ஆட்டத்தையே நிறுத்திவைத்திருந்தேன். இப்போது அதிகம் தேவைப்படும் நான்கு வித்தைகளை இடக்கை எட்டும் விசைகளில் வைத்துவிட்டு, மற்றவற்றையே கட்டைவிரலுக்குக் கொடுத்திருக்கிறேன். பன்னிரண்டும் இருக்கிறதே என்று பன்னிரண்டையும் ஓயாமல் அடிப்பவர்களுக்கு என் அனுபவம் எச்சரிக்கையாக இருக்கட்டும்.

கடைசியாகச் சூது. இதுதான் என்னை உண்மையில் வருத்தியது.

தமிழ்நாட்டில் 'இணையவழி விளையாட்டு' என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி நாமெல்லாம் அறிந்ததே. ரம்மியில் பணம் இழந்து உயிர் மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளோடு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. 2022ல் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்தத் துயரத்திலிருந்து பிறந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை ஒருபுறம் தள்ளி, மின்விளையாட்டுகளையும் சமூக விளையாட்டுகளையும் வேறு வகையாகப் பிரித்தது. சட்டம் செய்த பிரிவினையைக்கூடச் செய்ய மாட்டேன் என்று இலக்கிய வாசகர் அடம்பிடிக்கலாமா? சிறுகதைக்கும் குறுநாவலுக்கும் எல்லை வகுக்க இரவெல்லாம் பேசும் நமக்கு, பணயம் வைத்த சீட்டாட்டத்துக்கும் ஐவர் கூடி ஒருவர் உயிரை ஒருவர் காக்கும் ஆட்டத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை என்றால் நம் வாசிப்பு எதற்கு?

நடுராத்திரி ஏன் என்று கேட்டார் நண்பர். நான் ஆடுவது ஐரோப்பிய வழங்கியில். என் குழுவினருக்கு இரவு எட்டு மணி ஆகும்போது இங்கே குளிர்காலத்தில் பன்னிரண்டரை. தெருவில் இரவு ஷிப்ட் தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். 2012ன் மின்வெட்டு நாட்களில் அந்தச் சத்தம் திடீரென்று நின்றால், மறுகணம் என் திரையும் இருளும். எங்கோ நால்வர் குணமளிப்பவர் இல்லாமல் மடிவார்கள். மறுநாள் மன்னிப்புக் கேட்டு எழுதுவேன். இந்த ஊரில் தறி நின்றால் எல்லாம் நிற்கும் என்பதை அவர்கள் மெல்லமெல்லப் புரிந்துகொண்டார்கள்.

ஓரிரவு அப்பா தூக்கம் வராமல் எழுந்து வந்து என் பின்னால் நின்றார். திரையை அவர் பார்க்கவில்லை. என் கட்டைவிரலையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குங் கை பழகோணுமாட்ட இருக்குது" என்றார். பிறகு போய்ப் படுத்துக்கொண்டார்.

அவர் நாவல் எதுவும் படித்ததில்லை. ஆனால் அன்று என் வீட்டில் கூடியிருந்த நாங்கள் அனைவரும் பார்க்கத் தவறியதை அவர் பார்த்தார். கைவினையைப் பற்றிக் கவிதையும் கட்டுரையும் எழுதுகிறோம். பவானி ஜமக்காளத்துக்கு 2005ல் புவிசார் குறியீடு கிடைத்ததை ஆற்றுக்கு இக்கரையிலிருந்து நாமும் கொண்டாடினோம். பழங்கருவியில் பழகிய கையைக் கண்டால் உருகுகிறோம். புதுக்கருவியில் பழகிய கையைக் கண்டால் ஏன் நமக்குச் சிரிப்பு வருகிறது? நண்பர்கள் மறுத்து எழுதட்டும். எழுதுமுன் ஒருமுறை என் வீட்டுக்கு வந்து, அந்தப் பன்னிரண்டு பொத்தான்களில் ஏழாவதைக் கண்ணால் பாராமல் அழுத்திக் காட்டிவிட்டு எழுதட்டும்.