பேனாவை எடுக்காதீங்க பாஸ்!

கேம்பஸ்ல செலக்ட் ஆனதும், 'எத்தனை லட்சம் பேக்கேஜ்?'னுதான் முதல்ல கேட்போம். வேலையை விட்டு அனுப்பினா கம்பெனி என்ன தரணும்னு கேட்டிருக்கோமா? தெரிஞ்சு வச்சுக்கங்க ஃப்ரெண்ட்ஸ்.

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கு. ஒரு வருஷம் வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்யணும்னா, காரணம் சொல்லி ஒரு மாச நோட்டீஸ் தரணும். இல்லேன்னா ஒரு மாசச் சம்பளம். கூடவே, முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. வேற வேலை கத்துக்க, மறுபயிற்சி நிதியிலிருந்து இன்னொரு 15 நாள் சம்பளம் 45 நாளுக்குள்ள அக்கவுன்ட்டுக்கு வரணும். பாக்கிச் சம்பளத்தை 2 வேலை நாளுக்குள்ள செட்டில் பண்ணணும்னு ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்லுது. ஒரு வருஷத்துக்குள்ள மறுபடி ஆள் எடுத்தா, வெளியே அனுப்பினவங்களுக்குத்தான் முன்னுரிமை.

அப்புறம் என்ன சிக்கல்? ஹெச்.ஆர். கூப்பிட்டு, 'நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, அடுத்த வேலைக்கு நல்லது'னு அன்பா பேப்பரை நீட்டுவாங்க பாருங்க, அங்கேதான். நீங்களா ராஜினாமா செஞ்சா அது ஆட்குறைப்பே இல்ல. இழப்பீடு, மறுபயிற்சிப் பணம் ரெண்டும் கோவிந்தா!

மேனேஜர்களுக்கு இந்த இழப்பீட்டுப் பாதுகாப்பு கிடையாது. ஆனா, விசிட்டிங் கார்டுல 'மேனேஜர்'னு அச்சடிச்சுட்டா மட்டும் நீங்க மேனேஜர் ஆகிட மாட்டீங்க. நிஜமா என்ன வேலை செய்யறீங்கங்கிறதுதான் கணக்கு.

அதனால, அந்த ரூம்ல ஒரே டயலாக்தான்: 'மெயில்ல அனுப்புங்க சார், படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்.'