செத்த காலேஜும் உயிர்க் காலேஜும்

சென்னைப் பட்டணத்து உழைக்கும் மக்கள் தங்களுக்கென்று இரண்டு காலேஜ்களை வைத்திருந்தார்கள். பட்டம் கொடுக்கும் காலேஜ்கள் அல்ல. அவற்றின் வாசற்படி அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. மிருகக்காட்சிசாலையை அவர்கள் "உயிர்க் காலேஜ்" என்றார்கள். எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையைச் "செத்த காலேஜ்" என்றார்கள். காணும் பொங்கலன்று கட்டுச்சோற்று மூட்டையும் கைக்குழந்தையுமாகப் புறப்பட்டு, இரண்டையும் பார்த்துவிட்டுக் கடற்கரையில் போய் உட்காருவது பல குடும்பங்களுக்கு வழக்கம். எழும்பூர்ப் பொருட்காட்சிசாலை 1851-ல் தொடங்கியது. அதன் வளாகத்திலேதான் 1855-ல் மிருகக்காட்சியும் பிறந்தது. ஒரே வளாகத்தில் இருந்த இரண்டில் ஒன்றுக்கு உயிர் உண்டென்றும் மற்றொன்றுக்கு இல்லையென்றும் மக்கள் பெயர் வைத்துவிட்டார்கள்.

பாடம் செய்த மிருகங்களையும் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டையும் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரித்ததுண்டு. நாம் சிரிக்க மாட்டோம். பிறந்த மண்ணை விட்டும், செய்த மக்களை விட்டும் பிரித்துக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியில் பூட்டிய பொருள், பார்க்க வருகிறவனிடம் ஒன்றும் பேசாது. வியக்கச் செய்யும், அவ்வளவுதான். தன் ஊரிலே, தன் மக்கள் நடுவிலே இருக்கும்போதுதான் அது வாய் திறக்கும்.

தோழர்கள் கேட்கலாம்: கூலி உயர்வு, வேலை நிரந்தரம், விலைவாசி என்று ஆயிரம் கவலை இருக்க, பானை ஓட்டுக்கு ஒரு தலையங்கமா? ஆம், பானை ஓட்டுக்குத்தான். அந்த ஓட்டை வனைந்தவன் தொழிலாளி. ராஜாவின் வாளுக்கும் கிரீடத்துக்கும் வக்காலத்து வாங்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குயவன் ஓட்டுக்கும் நெசவாளியின் தக்களிக்கும் பேசுவதற்கு நம்மை விட்டால் யார்?

தாமிரபரணிக் கரையிலே ஆதிச்சநல்லூர் என்று ஓர் ஊர். 1876-ல் பெர்லின் நகரத்திலிருந்து யாகோர் என்பவர் வந்து அங்குள்ள பரம்பைத் தோண்டினார். முதுமக்கள் தாழிகளோடு கிடைத்த இரும்பு ஆயுதங்களும் மண்பாண்டங்களும் கப்பலேறி ஜெர்மனி போய்ச் சேர்ந்தன. அடுத்து 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தங்க நெற்றிப்பட்டங்களும் வெண்கலச் சாமான்களும் கிடைத்தன. அவை எழும்பூருக்கு ரயிலேறின. 2004-லும் 2005-லும் மத்திய தொல்லியல் துறை தோண்டியது. தாழிகள் நூற்றுக்கு மேல் வெளிவந்தன. அறிக்கை மட்டும் வெளிவரவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, கோர்ட்டு கேள்வி கேட்ட பின்னரே அதற்கு அசைவு ஏற்பட்டது. தோண்டிய குழியின் மேல் கண்ணாடி பதித்து, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே பார்க்கும்படி செய்தது 2023-ல். முதல் மண்வெட்டி விழுந்து 147 ஆண்டுகள் கழித்து அந்த ஊர்ப் பிள்ளை தன் ஊர்ப் பொருளைத் தன் ஊரில் பார்த்தான். அதுவரை அவனுக்கு மிஞ்சியது பரம்பு ஒன்றுதான்.

புதுக்கோட்டைச் சீமையின் கதையும் இதுதான். 1898-ல் கருக்காகுறிச்சியில் 501 ரோமாபுரித் தங்கக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றில் பல லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. புதுக்கோட்டைச் சமஸ்தானம் தனக்கென ஒரு காட்சிசாலை அமைத்தது 1910-ல். பொன் போன பிறகு பெட்டி வந்தது!

இந்தப் பழைய கணக்கைத் திறப்பதற்குக் காரணம் கீழடி. அங்கும் இதே கதை மறுபடி நடந்திருக்கும். நடக்கவிடாமல் மக்கள் நிறுத்தினார்கள்.

மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டர் தூரத்தில், சிவகங்கை மாவட்டத்தில், தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கிறது அந்த மேடு. வைகைக் கரையோரம் 293 இடங்களை ஆராய்ந்துவிட்டு, 2015-ல் மத்திய தொல்லியல் துறையின் அதிகாரி அமர்நாத் ராமகிருஷ்ணா அங்கே குழி வெட்டத் தொடங்கினார். செங்கல் சுவர்களும் உறைகிணறுகளும் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் வெளிப்பட்டன. பொருட்களை மைசூருக்குக் கொண்டு போகப் போகிறார்கள் என்ற செய்தி 2016-ல் வந்தது. ஊர் மக்கள் பேசினார்கள், எழுத்தாளர்கள் பேசினார்கள், வழக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போயிற்று, மைசூர்ப் பயணம் நின்றது. 2017-ல் அந்த அதிகாரி அஸ்ஸாமுக்கு மாற்றப்பட்டார். மூன்றாம் கட்டத் தோண்டலுக்குப் பின், கட்டிடங்களின் தொடர்ச்சி கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு மத்திய துறை நகர்ந்துகொண்டது. மாநிலத் தொல்லியல் துறை கையில் எடுத்து, நான்காம் கட்டத்திலிருந்து தொடர்ந்து தோண்டி வந்தது. 2023 மார்ச் 5-ம் நாள், கீழடியிலேயே, 18 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் காட்சிசாலை திறக்கப்பட்டது.

நிற்க. உள்ளே என்ன இருக்கிறது?

கோட்டை கொத்தளங்களை எதிர்பார்த்துப் போகிறவன் ஏமாந்து போவான். கூரை ஓடு இருக்கிறது. மேல் ஓரத்தில் கயிறு கட்ட இரண்டு துளை. மழைத்தண்ணீர் வழிந்தோட, ஈரமண்ணில் விரலால் இழுத்த பள்ளம். ஓடு போட்ட மனிதனின் விரல் ஓடிய தடம் அது! சூளையில் வைக்குமுன் அவன் கை கடைசியாகச் செய்த வேலை, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக அழியாமல் இருக்கிறது. அவன் எந்த ராஜாவின் காலத்தவன் என்பதைச் சரித்திராசிரியர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். அவன் வேலை தெரிந்தவன் என்பதை நம் கட்டிடத் தொழிலாளி ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

நூல் நூற்ற தக்களிகள் இருக்கின்றன. கூர்முனை கொண்ட எலும்புக் கருவிகள், தறியில் தொங்கவிட்ட கற்கள், செம்பு ஊசி ஆகியவையும் கிடைத்திருக்கின்றன. நூற்பு முதல் துணி வரை ஒரு தொழிலின் படிகளை வரிசையாகச் சொல்லிவிடும் சாமான்கள் இவை. மதுரையின் ஆலைத் தொழிலாளிக்கும் செல்லூர்க் கைத்தறிக்காரருக்கும் இதற்கு விரிவுரை வேண்டியதில்லை. பக்கத்தில் நின்று அவர்களே நமக்கு விளக்குவார்கள்.

விளையாட்டுச் சாமான்களும் உண்டு. உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்த சில்லுகள், பகடைகள். தெருவில் பாண்டி ஆடும் சிறுமியின் கையில் இன்றைக்கும் அதே சில்லுதான்.

பானை ஓடுகளில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. "ஆதன்" என்று ஒரு பெயர். "குவிரன்" என்று ஒரு பெயர். இவை அரண்மனைக் கல்வெட்டுக்கள் அல்ல. சோறு பொங்கிய பானை, தண்ணீர் வைத்த பானை. தன் பாண்டத்தில் தன் பெயரை எழுதி வைக்கத் தெரிந்த குடும்பங்கள் அந்த ஊரில் வாழ்ந்தன. எழுத்து உனக்கு எட்டாது, உன் வம்சத்துக்கே எட்டாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டவனுக்கு இந்த ஓடு கொடுக்கும் பதிலை எந்தப் பிரசங்கியும் கொடுக்க முடியாது. நூறு பொதுக்கூட்டம் போட்டுச் செய்கிற வேலையை உள்ளங்கை அகல ஓடு ஒன்று செய்கிறது.

பக்கத்து ஊரான கொந்தகை இறந்தவர்களைப் புதைத்த இடம். அங்கே தாழிகளில் கிடைத்த இரண்டு மண்டை ஓடுகளைக் கொண்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் இரண்டு ஆண்களின் முகங்களை உருவாக்கினார்கள். 2025-ல் அவை வெளிவந்தன. தோலின் நிறமும் கண்ணின் நிறமும் ஓரளவு ஊகம்தான். எலும்பின் மேல் அமைந்த முகவெட்டு விஞ்ஞானம்.

இங்கே நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மேடையில் ஏறியதும் ஆண்டுக் கணக்கை ஏலம் விடுகிற பழக்கம் சிலருக்கு வந்திருக்கிறது. ஒருவர் மூவாயிரம் என்றால் அடுத்தவர் ஐயாயிரம் என்கிறார். வேண்டாம். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டை அமெரிக்காவின் மயாமியில் உள்ள ஆய்வகம் சோதித்து, கி.மு. 580 என்று சொல்லியது. 2019 செப்டம்பரில் மாநிலத் துறை வெளியிட்ட அறிக்கையில் அது இருக்கிறது. அது கரியின் வயது. எழுத்துள்ள ஒவ்வொரு ஓட்டின் வயதும் அதுவேதானா என்றால், அந்தந்த ஓடு எந்த ஆழத்தில், எந்த மண் அடுக்கில் கிடைத்தது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அறிஞர்களிடையே அதில் வாதம் உண்டு, இருக்கட்டும். உண்மை நம் பக்கம் இருக்கும்போது எதற்காக அதில் தண்ணீர் கலக்க வேண்டும்?

ஆகவேதான் அறிக்கையைப் பற்றிக் கேட்கிறோம். தோண்டி எடுத்த பொருளுக்குப் பாதி உயிர் அதன் குறிப்பில் இருக்கிறது. எந்தக் குழி, எத்தனை ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது என்ற விவரம் போய்விட்டால், ஓடு வெறும் ஓடு; குப்பைமேட்டில் கிடப்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. முதல் இரண்டு கட்டத் தோண்டலைப் பற்றி அமர்நாத் ராமகிருஷ்ணா 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் கொடுத்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் அது மேஜையில் உறங்கியது. 2025 மே மாதத்தில், திருத்தம் செய் என்று திருப்பி அனுப்பினார்கள். தம் முடிவுகளில் தாம் உறுதியாக இருப்பதாக அவர் பதில் எழுதினார். ஜூன் மாதத்தில் மறுபடியும் மாற்றல் வந்தது. போதிய விஞ்ஞான ஆதாரம் வேண்டும் என்று மத்திய மந்திரி சொன்னார். வேண்டும்தான், யார் மறுத்தது? ஆதாரம் போதுமா போதாதா என்று உலகம் பார்ப்பதற்கு அறிக்கையை அச்சிடுவதைத் தவிர வேறு வழி உண்டா? அதிகாரியின் அறிக்கையை முழுதாகப் போடுங்கள். துறையின் ஆட்சேபணைகளையும் அதே புத்தகத்தில் பின்னாலேயே போடுங்கள். படிப்பவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும். அந்த இரண்டு கட்டங்களில் எடுத்த பொருட்களுக்கும் இடம் கீழடிதான். ஒரே மேட்டில் எடுத்ததை, எடுத்த துறை எது என்று பார்த்து இரண்டு வீட்டுச் சொத்தாகப் பிரிப்பது எந்த நியாயம்?

மாநில சர்க்காருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. காட்சிசாலை கட்டியது நல்ல காரியம், பாராட்டுகிறோம். தோண்டிய குழிகளையே மக்கள் பார்க்கத் திறந்தவெளிக் காட்சி அமைக்க எடுத்த முடிவும் சரியானது. ஆனால் கட்டிடம் திறந்ததோடு காரியம் முடியாது. எந்தக் காட்சிசாலையிலும் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது சிறு பகுதி. பெரும்பகுதி வைப்பறையில்தான் கிடக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது பொருட்களை மாற்றி வைத்தால், ஒருமுறை பார்த்தவன் மறுபடி வருவான். மண்ணுக்குள் கிடந்த இரும்பு காற்றுப் பட்டதும் துருவேறும்; அதைக் காப்பாற்றப் பயிற்சி பெற்ற ஆட்கள் நிரந்தர வேலையில் இருக்க வேண்டும், தினக்கூலியில் அல்ல. எழுத்து வாசிக்க வராதவர்களுக்கு வாயால் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். கீழடி, கொந்தகை, அகரம், மணலூர்ப் பிள்ளைகளையே அதற்குப் பழக்கலாம். கட்டணம் எவ்வளவு சிறிதானாலும், நாலு பேர் உள்ள குடும்பம் பஸ் கூலியோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கும். விடுமுறை நாட்களில் அதை எடுத்துவிட்டால் கஜானா காலியாகிவிடாது. அச்சு அசலாகச் செய்த மாதிரிகளை ஒரு வண்டியில் ஏற்றி ஆலை வாசலுக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பலாமே! ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற தொழிலாளி, டீ குடிக்கும் நேரத்தில் அந்தக் கூரை ஓட்டைப் பார்த்துவிட்டுப் போவான்.

சங்கங்கள் தம் பங்குக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ் ஏற்பாடு செய்யட்டும். மாநாட்டுக்கு லாரி பிடிக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையா?

இன்னொரு கோரிக்கை. கட்டம் கட்டமாக, வெயிலில் குழிக்குள் இறங்கி, மண்ணை விரல்கடை விரல்கடையாகச் சுரண்டி, கூடையில் அள்ளிச் சலித்தவர்கள் சுற்றுவட்டார ஊர்களின் ஆண்களும் பெண்களும். நிலத்தைத் தோண்டக் கொடுத்தவர்கள் அந்த ஊர் விவசாயிகள். ஆதனும் குவிரனும் தங்கள் பெயரைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். அவர்களை வெளியே கொண்டுவந்தவர்களின் பெயர் கூலிப் பட்டியலோடு போய்விடக் கூடாது. சம்மதம் கேட்டு, ஒருவர் விடாமல் அவர்கள் பெயர்களைக் காட்சிசாலையின் நுழைவாயிலில், நின்று படிக்கும் அளவுள்ள எழுத்தில், ஒரு பலகையில் பொறித்து வைக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு திறப்புவிழாப் பந்தல் செலவில் காற்பங்கு கூட இராது.