சோறு மட்டும் போதுமா?

தோழர்களே! திக்லிபூரிலிருந்து சென்னை போய்வந்த நம்மவர், அங்கே நடைபாதையில் உறங்கும் குடும்பங்களைக் கண்டிருப்பீர்கள். நம்மைப் போலவே பிழைப்புக்காக ஊர் விட்டவர்கள் அவர்களில் பலர்.

பசிப்பிணி போக்குவதே இறைவழிபாடு என்று 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அவ்வழியில், எம்மதத்தவராயினும், இரவில் பொட்டலம் ஏந்தித் தெருவுக்கு வருவோரை வணங்குகிறோம். ஆனால் உண்டபின் தலைசாய்க்க இடம்?

2011 கணக்கெடுப்பில் நாட்டில் வீடற்றோர் சுமார் 17.7 லட்சம். பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஓர் இரவுக் காப்பகம் வேண்டுமென 2010இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அதைக் கேட்பது யாசகமல்ல, உரிமை!

சோறிடும் கைகளே, கூரைக்காகவும் உயருங்கள். நாமும் உடன் நிற்போம்!