சுவர் எழுப்பினால் சுகாதாரம் வந்துவிடுமா?



கிராமத்துக்குக் கக்கூஸ் கட்டித் தருவோம் என்று மத்திய சர்க்கார் முதலில் திட்டம் போட்டது 1986-ல். 1999-ல் அதற்கு "முழுச் சுகாதார இயக்கம்" என்று பெயர். 2012-ல் "நிர்மல் பாரத்". 2014-ல் "தூய்மை இந்தியா". பெயர் மாறியது, பலன் என்ன?

முதல் திட்டங்களில் கட்டியவற்றுள் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் உபயோகமற்றுக் கிடந்ததாகத் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கையே 2015-ல் கூறிற்று. 2019 அக்டோபர் 2-ல், கிராமங்களில் திறந்தவெளியில் போவது ஒழிந்தது என்று பிரதமர் தம்பட்டம் அடித்தார். சர்க்கார் 2019–21-ல் எடுத்த குடும்பநல ஆய்வோ, நாட்டில் நூற்றுக்கு 19 குடும்பங்கள் இன்னும் வெளியில்தான் போகின்றன என்றது!

"ஜனங்களுக்குப் பழக்கம் போதாது" என்கிறார்கள் அதிகாரிகள். பழி ஏழையின் தலையிலா? குடிக்கவே குடம் தூக்கும் வீட்டில் கக்கூஸுக்கு ஊற்றத் தண்ணீர் ஏது? மனைப்பட்டா இல்லாத கூலிக்காரன் குழி வெட்ட இடம் ஏது?

நிலக்கோட்டை வட்டத்துச் சேவுகம்பட்டியைப் பாருங்கள். ஏட்டில் அது பேரூராட்சி. ஆகவே நகரக் கணக்கு. 2014 திட்டத்தில் கிராமத்துக் குடும்பத்துக்கு மத்திய, மாநிலப் பங்கு சேர்த்து 12,000 ரூபாய். நகரக் குடும்பத்துக்கு மத்திய சர்க்கார் தந்தது 4,000; மிச்சத்தை மாநிலமும் வீட்டுக்காரனும் பார்த்துக்கொள்ள வேண்டும். வயலில் களை பறிக்கும் கூலியாளைக் காகிதத்தில் நகரவாசியாக்கிவிட்டுக் காசைக் குறைப்பது எந்த நியாயம்?

கட்டிய பிறகு? இரட்டைக் குழி முறையில் ஒன்று நிரம்பினால் மற்றதற்குத் திருப்பலாம். மூடிய குழி ஓராண்டுக்கு மேல் கிடந்தால் மட்கி எருவாகும். அடைபட்ட தொட்டியாகக் கட்டினால் அள்ளியே தீர வேண்டும். யார் அள்ளுவது? மனிதனை இறக்கக் கூடாதென 2013 சட்டம் சொல்கிறது. அப்படியும் சாக்கடையில் சாவு நிற்காததால், 2023-ல் உச்ச நீதிமன்றம் நஷ்ட ஈட்டை 30 லட்சமாக உயர்த்த வேண்டி வந்தது. ஊர் சுத்தமாக ஒரு ஜாதி சாக வேண்டுமா?

ஆகவே கேட்கிறோம்: கூலிக்காரன் கடன் வாங்காமல் கட்ட முழுச் செலவும் முன்பணமாகக் கொடு! பட்டா கொடு! குழாயில் தண்ணீர் விடு! கழிவை அள்ள இயந்திரம் வாங்கு! துப்புரவுத் தொழிலாளியை நிரந்தரமாக்கு!

ஆலைத் தோழர்களே, உங்கள் வீட்டாரும் இந்தக் கிராமங்களில்தான் இருக்கிறார்கள். விவசாயத் தொழிலாளரோடு தோள் சேருங்கள். சுவரை எண்ணிக் கணக்குக் காட்டும் சர்க்காரை மனிதரை எண்ண வைப்போம்!