யார் சரி சொல்ல வேண்டும்?

ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிற யாரையாவது நிறுத்தி, ‘அப்ரூவல்’ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் சொல்வார்கள். வெளிநாட்டு பையர் கேட்ட மாடலில் ஒரு சாம்பிள் தைத்து அனுப்ப வேண்டும். தோலின் நிறம், தையலின் நெருக்கம், குதிகாலின் உயரம் எல்லாவற்றையும் பார்த்து அவர் சரி என்று சொன்ன பிறகுதான் கட்டிங் பிரிவில் வேலை தொடங்கும். அதுவரை எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான்.

தொழிலில் அது நியாயம். காசு கொடுக்கிறவர் பார்த்துத்தான் வாங்குவார். சிக்கல், அதே பழக்கம் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குள்ளும் கூடவே வந்து உட்காரும்போதுதான்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பூசணிக்காய் சில சமயம் ஆயிரக்கணக்கில் போகும். கர்த்தருக்குக் கொடுக்கிறோம் என்கிற சந்தோஷம் அதில் நிச்சயம் உண்டு. ஆனால் எதிர் பெஞ்சுக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை என்கிற கோபம் அதில் எத்தனை நூறு ரூபாய்? ‘உபயம்’ என்று பெரிதாக எழுதி வெளிச்சத்தையே மறைக்கிற டியூப் லைட் எல்லா ஊரிலும் எரிகிறது. கோயில், சர்ச் என்ற பேதம் அதற்குக் கிடையாது. இப்போது உபவாச ஜெபம்கூட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்துவிடுகிறது. உபவாசம் இருக்கிறபோது முகத்தைக் கழுவி, எண்ணெய் பூசி, பிறருக்குத் தெரியாதபடி இருக்கச் சொல்லி மலைப்பிரசங்கத்தில் இயேசு கற்பித்ததை அந்த ஸ்டேட்டஸ் போடுகிறவரும் மனப்பாடமாகவே சொல்வார்.

வேதத்தில் இதற்கு மிகவும் வலிக்கிற ஓர் இடம் 1 சாமுவேல் 15-ஆம் அதிகாரம். சவுல் கீழ்ப்படியவில்லை, தேவன் அவனைத் தள்ளிவிட்டார் என்று சாமுவேல் சொல்லிவிட்டுத் திரும்புகிறார். சவுல் அவருடைய சால்வையைப் பிடிக்க, அது கிழிகிறது. தன் பாவத்தை அவன் ஒத்துக்கொள்ளவும் செய்கிறான். ஆனால் அடுத்து அவன் கேட்பது என்ன தெரியுமா? மூப்பர்களுக்கு முன்னால் தன்னைக் கனப்படுத்தும்படி கேட்கிறான். ராஜ்யமே போய்விட்டது, ஆனாலும் ஜனங்கள் முன்னால் மரியாதை குறையக் கூடாது. நம் வீட்டுச் சண்டைகளில், ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்று எழுகிற அதே குரல்தான்.

இதற்கு நேர் எதிரான ஒரு வாழ்க்கையைத் தேட இந்தப் பகுதிக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். இன்றைக்குத் தோல் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ராணிப்பேட்டையில் 1870 டிசம்பர் 9 அன்று பிறந்தவர் ஐடா ஸ்கடர். அமெரிக்க மிஷனரி டாக்டரின் மகள். இந்த ஊரும் வேண்டாம், மிஷனரி வாழ்க்கையும் வேண்டாம் என்றிருந்த பெண். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று அவருடைய அப்பாவை வேண்டாமென்றார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். இந்தக் கதை பலருக்கும் தெரியும். அவர் டாக்டருக்குப் படித்துவிட்டு 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறந்ததும், மூன்று விண்ணப்பம் வந்தாலே பெரிது என்று அதிகாரி சொன்ன இடத்தில் 151 வந்ததும் அடிக்கடி சொல்லப்படுவதுதான்.

அவ்வளவாகச் சொல்லப்படாதது, அவர் எழுபது வயதில் பட்ட பாடு. 1930-களின் கடைசியில், இனி மருத்துவப் படிப்பு பல்கலைக்கழகப் பட்டத்தோடுதான் இருக்க வேண்டும் என்று சென்னை மாகாண அரசு சொல்லிவிட்டது. அதற்கான கட்டடங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பெரும் பணம் வேண்டும். 1941-இல் ஐடா அமெரிக்கா போனார். பல திருச்சபைகள் கைகோக்க வேண்டுமானால், ஆண்களையும் சேர்க்கிற கல்லூரியாக அது மாற வேண்டும் என்ற யோசனை வந்தது. ஆண்டுக்கணக்கில் பணம் திரட்டி அனுப்பிய அமெரிக்கப் பெண்களில் சிலர் கொதித்துப்போனார்கள். பெண்களுக்கென்று கேட்டு வாங்கிய காசாயிற்றே! அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. எதிரி திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். பாதி வாழ்நாள் கூடவே நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால்?

ஐடா மாற்றத்தின் பக்கம் நின்றார். 1947-இல் வேலூரில் எம்.பி.பி.எஸ். வகுப்புக்கு ஆண்களும் வந்தார்கள். அவர் எல்லோருடைய சம்மதத்துக்காகவும் காத்திருந்திருந்தால், சி.எம்.சி. என்று இன்று நாம் அறிகிற கல்லூரி இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இங்கே ஒரு ஜாக்கிரதை வேண்டும். ‘எனக்குக் கர்த்தர் ஒருவர் போதும், மனுஷர் என்ன சொன்னாலும் கவலையில்லை’ என்கிற பேச்சு சிலருக்கு வசதியான கேடயம். மனைவி சொல்வதையும் கேட்பதில்லை, வேலைக்காரர் முறையிடுவதையும் கேட்பதில்லை. ஐடா அப்படி இல்லை. கதவுகதவாகத் தட்டி உதவி கேட்டவர், வாதாடியவர், விளக்கியவர். ஜனங்களின் நல்லெண்ணத்தை அவர் மதித்தார். ஆனால் கடைசித் தீர்ப்பை அவர்கள் கையில் கொடுக்கவில்லை.

மனிதர் மெச்சுவதற்காகச் செய்கிற வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பாலாறு சொல்லும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், தோல் கழிவு நீர் ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தது பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்றது. சோதனைக்கு ஆள் வருகிற நாளில் எந்த இடமும் சுத்தமாகத்தான் இருக்கும். ஆடிட் என்றால் கழிப்பறையில் சோப்பு புதிதாக முளைக்கும். ஆள் போன பிறகு, ராத்திரி இரண்டு மணிக்குக் குழாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கிறபோது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? ஜெபத்தோடு ஷிஃப்டைத் தொடங்குகிற இடத்திலும் இந்தக் கேள்வி உண்டு.

வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரி இருக்கிறது. அங்கே 1950-களில் தொழுநோய் மருத்துவமனை எழுந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கியிருந்தார். அவர்களை உள்ளே சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற பயம் அப்போது மருத்துவமனைகளில் இருந்தது. கைக்கு அடுத்தது கால். உணர்ச்சி போன பாதத்தில் வலி தெரியாது. முள் ஏறினாலும், செருப்பு கடித்தாலும் தெரியாது. புண்ணாகி, அழுகிய பிறகுதான் தெரியும். ஆகவே மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் வைத்த செருப்புகள் செய்தார்கள்.

ஆம்பூரில் தைக்கிற ஷூ கடித்தால், அதைப் போட்டவர் கத்துவார், திருப்பி அனுப்புவார். இந்தச் செருப்பைப் போடுகிறவரால் அது முடியாது. கடிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். அதனால் அதில் ஆணி அடிப்பதில்லை. ஒட்டியோ தைத்தோ முடிக்கிறார்கள். கொடுப்பதற்கு முன்னால் செய்தவரே உள்ளே கையை விட்டு, விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்க்க வேண்டும்.