ஆயாக்கொட்டகையும் அன்பளிப்புப் பையும்

தீபாவளி நெருங்கினால் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குச் சங்கங்கள் பஸ் ஏறி வருகின்றன. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு பை கொடுத்து, படம் பிடித்துவிட்டு, ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு மலை இறங்கிவிடுவார்கள். இதற்குப் பெயர் சமூக ஆதரவாம். போதும்லா!

கேமரன் மலையில் 1929லேயே பெருந்தோட்டமாகத் தேயிலை வந்துவிட்டது. அம்மாக்கள் கொழுந்தெடுக்கப் போனால் பிள்ளைகள் ஆயாக்கொட்டகையில் இருப்பார்கள். யாருக்குக் காய்ச்சல், யார் சாப்பிடவில்லை என்பது ஆயாவுக்குத் தெரியும். 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டமும் தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தை முதலாளியின் பொறுப்பாகவே வைத்திருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போய்க் கேட்ட சங்கம் எத்தனை?

நானும் யோக்கியன் இல்லை. லயத்தில் வளர்ந்து, இங்கேயே பல்கலைக்கழகம் படித்து எஞ்சினியரானவன். போன தீபாவளிக்குப் பை தூக்கியவர்களில் நானும் ஒருவன். பை வாங்கிய ஒரு பையனின் காதில் சீழ். பார்த்தேன். அம்மா எங்கே என்று கேட்பதற்குள் பஸ்ஸிலிருந்து கூப்பிட்டார்கள், ஏறிவிட்டேன்.

அவனுக்குத் தேவைப்பட்டது பை இல்லை. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு வண்டி, கூடவே போக ஒரு ஆள். பஸ் வாடகையை அதற்குக் கொடுங்கள். மாதம் ஒருமுறை, அதே ஆள், அதே லயத்துக்குப் போகட்டும். படம் வேண்டாம்.